டீசலைக் குடித்தது யார்?

எனது மேசை இழுப்பறையில் நீல மட்டை போட்ட பயிற்சிக் கொப்பி ஒன்று இருக்கின்றது. கவிதைக் கொப்பியோ நாட்குறிப்போ அல்ல. எனது பழைய ஜீப் வண்டிக்கு எந்தத் திகதியில் எத்தனை லீற்றர் டீசல் அடித்தேன், அப்போது மீற்றர் எத்தனை கிலோமீற்றர் காட்டியது, எவ்வளவு பணம் கொடுத்தேன் என்று வரிசையாக எழுதிவரும் கணக்குக் கொப்பி. பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடங்கள் கழித்த ஒருவனுக்கு எதையாவது குறித்து வைக்காவிட்டால் கை சும்மா இராது. இந்தக் கொப்பியை நான் பெருமையோடுதான் பார்த்து வந்தேன். இப்போது அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கத்தை மட்டும் வேகமாகப் புரட்டிவிடுகின்றேன். 2024 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்துப் பக்கம் அது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில், எனது கையெழுத்தில், ஒரு கேள்விக்குறியும் அதன் அருகே ஒரு பையனின் பெயரும் இருக்கின்றன.

அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகின்றேன்.

முதலில் வண்டியைப் பற்றி. 1996 ஆம் ஆண்டு ஜப்பானில் செய்த டீசல் ஜீப். கியரைக் கையால் மாற்ற வேண்டிய ரகம். நான்கு சக்கரங்களும் இழுக்கும். கம்பனியின் பெயர் இங்கு வேண்டாம். ஏனெனில் குற்றம் அவர்களுடையதல்ல. "இந்தக் கிழட்டு வண்டியை இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்று வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் கேட்பதுண்டு. இலங்கையில் 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட அந்த ஐந்து வருடங்களில் இந்நாட்டில் பழைய வண்டி வைத்திருந்தவன் அதைக் குலதெய்வம் போலக் காப்பாற்றினான். விற்றால் இன்னொன்று வாங்க முடியாது. வாங்க முடிந்தாலும் பத்திரிகைக்காரனின் சேமலாப நிதி அதற்குக் காணாது.

இனி ஊரைப் பற்றி. மடுல்கெல்ல, கண்டியிலிருந்து மடவளை, வத்தேகம, பன்வில வழியாக ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவு. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடியில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிறு கடைத்தெரு. 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி இந்த மலைத்தொடர். எனது தந்தையார் இங்கு தோட்டப் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். பேராதனையில் கலைப்பட்டம் முடித்துக் கொழும்புக்குப் போன நான், பல வருடங்கள் அங்கு செய்தி அறைகளில் இரவைப் பகலாக்கிவிட்டு, அம்மாவுக்காக மீண்டும் இந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கண்டி பெரியாஸ்பத்திரியில் மாதாந்தம் கிளினிக். பஸ்ஸில் அவரை ஏற்றி இறக்க முடியாது. ஆகவே இந்த ஜீப் எனக்கு ஆடம்பரமல்ல. அம்மாவின் கால்கள் அவை.

2023 இல் எனது வலது கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பின் பகலில் மெல்ல ஓட்டுவேன், மூடுபனியிலும் இருளிலும் ஓட்டுவதில்லை. அருகிலுள்ள தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பையன் வந்தான். வயது இருபத்து மூன்று. சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தது, வேலை இருக்கவில்லை. அவனுடைய தாய் கொழுந்து பறிப்பவர். அந்த நவம்பரில் அவனைச் சேர்த்துக்கொண்டேன். நல்ல கை. பன்விலவுக்கு மேலே வளைவுகளில் அம்மாவின் தலை சாயாமல் ஓட்டுவான்.

கொப்பியின்படி வண்டி அதுவரை லீற்றருக்கு 9.2 கிலோமீற்றர் ஓடி வந்தது. மலைப்பாதையில் அந்த வயது டீசல் ஜீப்புக்கு அது மரியாதையான கணக்கு. டிசம்பரில் 7.8 ஆனது. ஜனவரியில் 7.0. பெப்ரவரியில் 6.5. அந்த மாதம் ஓடியது 520 கிலோமீற்றர், அடித்தது 80 லீற்றர். பழைய கணக்கின்படி 57 லீற்றருக்குள் முடிந்திருக்க வேண்டிய ஓட்டம். 23 லீற்றரைக் காணவில்லை!

அப்போது ஒரு லீற்றர் டீசல் 350 ரூபாவைத் தாண்டியிருந்தது. 23 லீற்றர் என்றால் 8,000 ரூபாவுக்கு மேல். அக்காலத்தில் தோட்டத் தொழிலாளிக்கு 2021 இல் நிர்ணயித்த 1,000 ரூபாதான் நாட்சம்பளம். அதாவது கொழுந்து பறிக்கும் ஒரு பெண் எட்டு நாட்கள் முழுப் பேர் போட்டால் வரும் பணம். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். எடை குறைந்தால் அரைப் பேர். இந்த ஒப்பீடு என் மனதில் வந்த விதத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கின்றது. "எட்டு நாள் பேர் சும்மா கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?" என்று நினைத்தேன். இப்படி நினைத்தவன் மலையக மக்களின் சம்பளப் போராட்டங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன்.

2022 ஐ மறந்தவர்கள் இருக்க மாட்டீர்கள். அந்த ஜூன் மாதம் டீசல் லீற்றர் 460 ரூபாவானது. ஆறு மாதங்களுக்கு முன்னர் 121 ரூபாவுக்கு விற்ற அதே டீசல்! பெற்றோல் செட்டுகளின் முன் மைல் கணக்கில் வரிசை. இரவில் வரிசையிலேயே உறக்கம். பின்னர் கியூஆர் அட்டை வந்தது. 2023 செப்டெம்பரில்தான் அந்தப் பங்கீடு நீங்கியது. அந்நாட்களில் தாங்கியிலிருந்து குழாய் போட்டு டீசலை உறிஞ்சிய கதைகளை ஊரெல்லாம் பேசினார்கள். தாங்கி மூடிக்குப் பூட்டுப் போட்டவர்களில் நானும் ஒருவன். பற்றாக்குறை நீங்கிய பின்னும் அந்தச் சந்தேகம் எங்கள் புத்தியில் தங்கிவிட்டது போலும்.

நான் துப்பறியத் தொடங்கினேன். ஒரு மாலை தாங்கியை விளிம்பு வரை நிரப்பி, மூடியைப் பூட்டி, இரண்டு இரவுகள் வண்டியை அசைக்காமல் வைத்தேன். மூன்றாம் நாள் காலை மட்டம் அப்படியே இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அது பையனுக்குச் சாதகமான சாட்சியம். நானோ அதை வேறு விதமாக வாசித்தேன். 'அப்படியானால் வண்டி நிற்கும்போது எடுப்பதில்லை, பெற்றோல் செட்டில்தான் ஏதோ நடக்கிறது' என்று முடிவு கட்டினேன். முடிவை முன்பே எழுதிவிட்டுச் செய்தியைத் தேடும் நிருபர்களை நான் எத்தனை பேரைக் கண்டித்திருக்கின்றேன்!

கண்டியில் ஒரு கராஜிலும் காட்டினேன். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "இன்ஜெக்டர் நாலும் போய்விட்டது, பம்பையும் இறக்க வேண்டும்" என்றார்கள். இரண்டு இலட்சம் ரூபா மதிப்பீடு. அவ்வளவு பணம் என்னிடம் இல்லை. அதைவிட மலிவான ஒரு விளக்கம் என் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை. அம்மா திண்ணையில். பக்கத்து வீட்டுக்காரரும் இருந்தார். சாவியை எடுக்க வந்த பையனிடம் கேட்டேன்.

"இருபத்து மூன்று லீற்றர் காத்தோடயா தம்பி போகும்?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு சாவியை மேசைமீது சத்தமில்லாமல் வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்து "வர்றேங்க அம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வராததையே குற்ற ஒப்புதலாகக் கொண்டு, அன்றிரவு கொப்பியின் ஓரத்தில் அந்தக் கேள்விக்குறியைப் போட்டேன்.

வியாழக்கிழமை கிளினிக். வேறு வழியின்றி நானே மெல்ல ஓட்டிக்கொண்டு அம்மாவைக் கண்டிக்குக் கூட்டிச் சென்றேன். திரும்பும் வழியில் மடவளையில் நிறுத்தினேன். அங்கே வீதியோரத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் வண்டி திருத்தும் ஒரு நானா இருக்கின்றார். எழுபதை நெருங்கும் மனிதர். விளம்பரப் பலகை கூட இல்லை. பல வருடங்களுக்கு முன்னர் என் தந்தையாரின் பழைய கார் அவரது கையில்தான் உயிர் வாழ்ந்தது. அம்மாவுக்கு ஒரு கதிரை கொடுத்துத் தேநீருக்குச் சொல்லிவிட்டு நானா என்னிடம் வந்தார். கொப்பியை நீட்டினேன். படித்தார். பையனைப் பற்றியும் சொன்னேன்.

"சேர், ஐநூத்தி இருவது கிலோமீற்றர் ஓடின என்டு ஆரு சொன்ன?"

"மீற்றர்தான்."

"மீற்றருக்கு ஆரு சொன்ன?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 'உனக்கு யார் சொன்னது? அவருக்கு யார் சொன்னது?' என்று முப்பது வருடங்கள் இளம் நிருபர்களிடம் நான் கேட்ட கேள்வியை, கிறீஸ் படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே ஒருவர் என்னிடம் திருப்பிக் கேட்டார்.

நானா டயரைக் காட்டினார். நவம்பர் மாதத்தில்தான், பழைய டயர்கள் தேய்ந்துவிட்டதால், பாவித்த நான்கு பெரிய டயர்களை மலிவாக வாங்கிப் போட்டிருந்தேன். வண்டி உயரமாக, கம்பீரமாகத் தெரிந்தது. அதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. வண்டியோடு வந்த டயரின் அளவு 235/75 ஆர்15. அதன் விட்டம் ஏறத்தாழ 733 மில்லிமீற்றர். புதிதாகப் போட்டது 31 அங்குலம், அதாவது 787 மில்லிமீற்றர். பழைய டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 2.30 மீற்றர் முன்னேறும். பெரிய டயரில் அதே ஒரு சுற்றுக்கு 2.47 மீற்றர். மீற்றர் எண்ணுவது சுற்றுக்களைத்தான், பாதையை அல்ல. டயர் மாறியது அதற்குத் தெரியாது. ஆகவே வண்டி 100 கிலோமீற்றர் ஓடினால் அது 93 என்றுதான் காட்டும்.

"திகன பக்கம் போய் ரோட்டுக் கல்லைப் பார்த்து ஓட்டிப் பாருங்க சேர்" என்றார் நானா. மறுநாள் அப்படியே செய்தேன். கண்டி–மகியங்கனை வீதியில் பத்துக் கிலோமீற்றர் கற்களை எண்ணிக்கொண்டு ஓட்டினேன். மீற்றர் காட்டியது 9.3. கொப்பியில் இருந்த 6.5 உண்மையில் 7.0. காணாமற் போனதாக நான் கதறிய எரிபொருளில் ஒரு பகுதி காணாமற் போகவே இல்லை. அளவுகோல்தான் பொய் சொல்லியிருந்தது.

அன்று கொட்டகையில் நானா அடுத்ததாக எஞ்சினை உறுமவிட்டுப் புகையைப் பார்த்தார். "கறுப்பு இல்ல." டீசல் எஞ்சினில் இன்ஜெக்டர் கெட்டு எரிபொருள் மிதமிஞ்சிப் பாய்ந்தால், எரியாத மிச்சம் கரும்புகையாக வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று விளக்கினார். எனது வண்டியில் மிதித்த கணம் மட்டும் இலேசாக ஒரு சாம்பல் கீற்று வந்தது. இன்ஜெக்டர் நாலும் போய்விட்டது என்ற தீர்ப்பு அங்கேயே விழுந்தது. கிளச் வழுக்குகிறதா என்று பார்த்தார், இல்லை. குழாய்களில் டீசல் கசிவு, ஈரம், வாடை எதுவும் இல்லை. காற்று வடிகட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

பிறகுதான் அந்தச் சோதனை. "நாளைக்கு வீட்டுக்கு ஏறும்போது, மேட்டுல பிரேக் மிதிக்காம போய் நிப்பாட்டுங்க. இறங்கி நாலு வீலுக்கும் கிட்டக் கையைப் பிடிச்சுப் பாருங்க. தொட்டுடாதீங்க."

இதிலுள்ள நுட்பத்தைப் பாருங்கள். மலையிலிருந்து இறங்கி வந்து தொட்டால் நான்கு சக்கரமும் கொதிக்கும், அது இயல்பு. எதுவும் தெரிய வராது. ஏறும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை. அப்போது ஒரு சக்கரம் மட்டும் சுட்டால், அந்தச் சக்கரம் யாரும் மிதிக்காமலேயே பிடித்துக்கொண்டிருக்கின்றது என்று அர்த்தம். பன்விலவைத் தாண்டி ஏறி, மேட்டில் வண்டி தானாக நிற்கும்படி விட்டேன். முன் சக்கரங்கள் இரண்டும் இலேசான சூடு. பின் வலது அப்படியே. பின் இடது பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை. போத்தல் தண்ணீரில் சில துளிகளைத் தெளித்தேன். சுரீர் என்று ஆவியானது. கருகிய ஒரு வாடை மூக்கில் ஏறியது.

அந்த வாடைதான் என்னை அடித்தது.

ஏனென்றால் அதை நான் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். தைப்பொங்கல் கழிந்த ஒரு மாலை, வண்டியை நிறுத்திவிட்டுப் பையன் வந்து, "ஐயா, பின் டயர் பக்கம் ஒரு கருகல் வாடை வருதுங்க" என்று சொன்னான். நான் ஏதோ கட்டுரைக்கு இடையில் இருந்தேன். "மலையில் இறங்கினால் வரத்தான் செய்யும்" என்று தலையை நிமிர்த்தாமலே சொல்லி அனுப்பிவிட்டேன். சம்பவ இடத்தில் இருந்த ஒரே சாட்சி அவன். அவன் தானாக வந்து வாக்குமூலம் தந்தான். நான் அதைப் பதிவு செய்யவில்லை. பின்னர் அவனையே எதிரியாக்கிவிட்டேன்.

சனிக்கிழமை நானா ஜாக் போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினார். வலது சக்கரத்தைக் கையால் சுழற்றினால் சுழன்றுகொண்டே இருந்தது. இடது சக்கரம் கால் சுற்றில் நின்றது. கைப் பிரேக்கின் இரும்புக் கயிறு அதன் உறைக்குள் துருப்பிடித்திருந்தது. நெம்பியை விடுவித்தாலும் அந்தப் பக்கம் மட்டும் முழுதாக விடுவதில்லை. அந்த மாரியின் மழை அப்படி. அதற்கும் மேலாக, சரிவில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் "இன்னும் இழு, இன்னும் இழு" என்று பையனை அதட்டியவன் நான். மாதக் கணக்கில் ஒரு காலில் சங்கிலியோடு வண்டி மலை ஏறியிருக்கின்றது. அதை இழுக்கத்தான் டீசல் போயிருக்கின்றது.

கயிற்றை மாற்றி, தேய்ந்து கண்ணாடியாகியிருந்த பட்டைகளையும் மாற்றியபோது, திருத்திய கணக்கில் வண்டி 7.9 க்கு வந்தது.

இன்னும் ஒன்று இருந்தது. வெப்பமானியின் முள் எப்போதும் காலே அரைக்கால் அளவில் படுத்துக் கிடப்பதை நானா கவனித்திருந்தார். "தேர்மோஸ்டாட் எங்க சேர்?" என்றார். நவம்பரில் மகியங்கனைக்குப் போனபோது, பதினெட்டு வளைவு என்று பேர்பெற்ற அந்த மலைப்பாதையில் எஞ்சின் கொதித்துவிட்டது. கொதிப்பை நிறுத்தினால் போதும் என்று, தேர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொன்னவனும் நானே. நம்மூரில் இது பழைய வைத்தியம். உண்மையில் கொதித்ததற்குக் காரணம் ரேடியேற்றரில் அடைத்திருந்த சேறு. தேர்மோஸ்டாட் என்பது எஞ்சின் 80 பாகைக்கு அண்மையில் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேற்றர் பக்கம் விடாமல் தடுக்கும் ஒரு சிறு கதவு. அதை எடுத்துவிட்டால், மடுல்கெல்லவின் குளிர்ந்த காலைகளில் எஞ்சினுக்கு முறையான சூடு ஏறுவதே இல்லை. எண்ணெய் தடித்திருக்கும், உராய்வு கூடும், எரிதல் குறைபடும். காய்ச்சலுக்குப் பயந்து ஆளை ஐஸ் தண்ணீரில் உட்கார வைத்த கதை! ரேடியேற்றரைச் சுத்தம் செய்து புதிய தேர்மோஸ்டாட்டைப் போட்டோம். 8.4.

டயர்களில் காற்று 30 இறாத்தல் இருக்க வேண்டிய இடத்தில் 22 தான் இருந்தது. அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்குப்படி, ஒவ்வொரு இறாத்தல் குறைவுக்கும் ஏறத்தாழ 0.2 சதவீத எரிபொருள் வீணாகும். எட்டு இறாத்தலுக்கு ஒன்றரை சதவீதம். அதையும் சரிசெய்ததும் 8.5 இல் வண்டி நிலைத்தது.

இப்போது கொப்பியில் எழுதியிருக்கும் கணக்கு இது. 9.2 இலிருந்து 6.5 க்கு வீழ்ந்தது 2.7. அதில் மீற்றரின் பொய் 0.5. பிரேக் 0.9. தேர்மோஸ்டாட் 0.5. காற்று 0.1. மீதி 0.7, டயரின் அதிக பாரத்துக்கும் அகலத்துக்கும் எஞ்சினின் முதுமைக்கும் உரியது. டயரைத் தேர்ந்தவன் நான். தேர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொன்னவன் நான். கைப் பிரேக்கை இறுக்கச் சொன்னவன் நான். காற்றைப் பார்க்காதவனும் நான். பையனின் பங்கு பூச்சியம்.

இவற்றோடு மலை அறவிடும் வரி ஒன்றும் உண்டு. கண்டி நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர், எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் 1,000 மீற்றரை அண்டியவை. ஆட்களோடு 2,000 கிலோ எடையை அந்த 500 மீற்றர் தூக்குவதற்கு மட்டும் கிட்டத்தட்ட ஒரு கோடி ஜூல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் டீசலில் மூன்றரைக் கோடி ஜூலுக்குச் சற்று மேல் உண்டு. அதில் கால் பங்குதான் சக்கரத்தை வந்தடைகின்றது என்று வைத்துக்கொண்டால், மேலே ஏறியதற்கு மட்டும் ஒரு லீற்றருக்கு மேல் போய்விடுகின்றது. பாதை ஓடிய செலவு தனி. எவ்வளவு நல்ல வண்டியானாலும் இதைக் கட்டியே ஆக வேண்டும். கொழும்புக்காரரின் 11 ஐயும் 12 ஐயும் மடுல்கெல்லக்காரன் தன் கணக்கோடு ஒப்பிட்டால் யாரையாவது திருடனாக்குவதில்தான் அது போய் முடியும். இன்னொன்றையும் சொல்லிவிடுகின்றேன். இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று கியரைக் கழற்றிவிட்டு உருளாதீர்கள். கியரில் இறங்கும்போது பம்ப் டீசலை ஏறக்குறைய நிறுத்திவிடும், எஞ்சினும் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கழற்றிவிட்டால் எல்லாப் பாரமும் பிரேக்கின் தலையில்.

வெளிநாடுகளில் பழைய ஜீப்புகளை வைத்துக்கொண்டு இதே துன்பத்தில் இருக்கும் நண்பர்களுக்கு நானாவின் வரிசையைச் சொல்லிவைக்கின்றேன். முதலில் மீற்றரை நம்பலாமா என்று பாருங்கள். ஒரே பெற்றோல் செட்டில், முழுத் தாங்கியிலிருந்து முழுத் தாங்கிக்கு அளவுங்கள். புகையின் நிறத்தைப் பாருங்கள். மேட்டில் ஏறி நின்று சக்கரங்களின் சூட்டைப் பாருங்கள். வெப்பமானியின் முள் எங்கே நிற்கிறது, டயரில் காற்று எவ்வளவு என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது பலித்தது என்று தெரியாது. இவ்வளவுக்கும் பிறகுதான் இன்ஜெக்டரைக் கழற்றும் பேச்சு. எனக்கு மொத்தமாகச் செலவானது அந்த இரண்டு இலட்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

எஞ்சியிருந்தது ஒரு வேலை. பிரேக் திருத்திய அன்று மாலையே லயத்துக்குப் போனேன். பையன் பீலித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு நின்றான். அவனுடைய தாய் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தார். தலையில் கூடைக் கயிற்றின் தடம் இன்னும் இருந்தது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் நின்றபடியே சொன்னேன். வண்டியில்தான் பிழை, உன்மேல் பிழையில்லை, நான் அப்படிக் கேட்டது தவறு என்று. திண்ணையில் பக்கத்து வீட்டுக்காரர் முன்னிலையில் கேட்ட கேள்விக்கு, லயத்து வாசலில் பத்துப் பேர் பார்த்திருக்க மன்னிப்புக் கேட்பதுதான் சரி என்று எனக்குப் பட்டது.

"பரவால்லங்க ஐயா. வாடை வருதுன்னு அன்னைக்கே சொன்னேனுங்க" என்றான் அவன். அவ்வளவுதான்.

தேத்தண்ணியை என் கையில் தந்த அந்தத் தாய் மெதுவாகச் சொன்னார். "டீசல் ஊத்துற வெளக்குக் கூட எங்க வீட்டுல இல்லீங்களே ஐயா."

அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபம் இருந்திருந்தால் அந்தத் தேநீரைக் குடிப்பது எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை அவன் வேலைக்கு வந்தான். இன்றும் வருகின்றான். அம்மாவுக்கு அவன்தான் பிள்ளை மாதிரி, வளைவுகளில் அவர் தலை இப்போதும் சாய்வதில்லை. ஆனால் ஒன்று மாறிவிட்டது. முன்பெல்லாம் டீசல் அடித்தால் எத்தனை லீற்றர் என்று வாயால் சொல்வான், நான் எழுதிக்கொள்வேன். இப்போது ஒவ்வொரு முறையும் பில்லை வாங்கி வந்து, நான்காக மடிக்காமல் விரித்தபடியே, எனது மேசையிலுள்ள மூக்குக்கண்ணாடிக் கூட்டின் கீழ் வைத்துவிட்டுப் போகின்றான். "பில் வேண்டாம் தம்பி" என்று பல தடவை சொல்லிவிட்டேன். "இருக்கட்டுங்க ஐயா" என்கிறான்.

அந்தப் பில்களை நான் எறிவதில்லை. கொப்பியின் பெப்ரவரிப் பக்கத்தில் சேர்த்து வைத்திருக்கின்றேன். கேள்விக்குறியின் அருகிலிருந்த பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதியாயிற்று. அடித்த பெயர் மட்டும் மையின் ஊடாக இன்னமும் வாசிக்கக்கூடியதாகத்தான் இருக்கின்றது.